நூற்றிருபது கேள்வி, ஒரு பூஜ்யம்

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், குளிர் உள்ளே வருகிறது. தனக்குத் தெரியும் என்று நம்பி ஒரு பெண் தேர்வு எழுதினாள். உனக்கு ஒன்றுமே தெரியாது என்று காகிதம் வந்தது. காகிதம் பொய் சொன்னதா, அவள் பொய் சொன்னாளா, நடுவில் யாராவது கை வைத்தார்களா என்று கண்டுபிடித்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். தடயம் எல்லாவற்றையும் உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் பரப்புவேன். எதையும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு முன்னால் நீங்களே கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்குத்தான் பெருமை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, மார்ச் மாதக் கடைசி, ஒரு புதன்கிழமை. அயோவாவில் மார்லோ என்ற ஊர். பனி உருகி நடைபாதையெல்லாம் சேறாகக் கிடந்தது. பல்கலைக்கழக அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போகும் படியில், மார்போடு ஓர் உறையை அணைத்தபடி எடெல்கா பொடோர் நின்றுகொண்டிருந்தாள். மூன்று முறை இறங்கி மூன்று முறை ஏறிவிட்டாள். நான்காவது முறை இறங்கியபோது கீழே கதவு தானாகத் திறந்தது.

"மேல ஏறப் போறீங்களா, உள்ள வரப் போறீங்களா? எதுனாலும் சரி, கதவைப் புடிச்சுக்கிட்டே நிக்க என்னால ஆகாது" என்றார் காவல் சீருடையில் இருந்த பருத்த மனிதர். ராஸ்கோ பென்னல், பல்கலைக்கழகக் காவலர். இருபது வருடமாக மிதிவண்டித் திருட்டைத் தவிர வேறெதையும் பிடிக்கக் கொடுத்துவைக்காதவர். அந்தக் குறை அவர் முகத்திலேயே எழுதியிருக்கும்.

உள்ளே பழைய பதிவேடுகளுக்கு நடுவில் வெர்னா நட்ஸன் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, குட்டையாக வெட்டிய நரை முடி, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத கண்கள். ஆவணக் காப்பாளர் என்பது சம்பளத்துக்கான பெயர். ஏதாவது காணாமல் போனாலோ, கணக்குக்கு ஒத்துவராமல் போனாலோ ஊரே அந்த அறைக்குத்தான் வரும்.

"தொலைஞ்சதை நீங்க கண்டுபிடிச்சுக் குடுப்பீங்கன்னு சொன்னாங்க" என்றாள் எடெல்கா.

"என்ன தொலைஞ்சுது?"

"என் மூளை."

ராஸ்கோ சிரிக்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து அப்படியே வாயை மூடிக்கொண்டார். வெர்னா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எடெல்கா தன் கதையைச் சொன்னாள். பத்தொன்பது வயதில் ஹங்கேரியை விட்டு ஓடி வந்தவள். ஒன்பது வருடமாக வேதியியல் துறையில் கண்ணாடிக் குடுவைகள் கழுவுகிறாள். அந்த வேலையோடு வேலையாக, பக்கத்து ஊர் மாலைக் கல்லூரியில் எட்டு வருடம் படித்துக் கணிதத்தில் பட்டம் வாங்கினாள். அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு, இங்குள்ள கணிதத் துறையே முனைவர் படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் தருவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை: மேற்படிப்பு நுழைவுத்தேர்வை எழுத வேண்டும்.

"ஜனவரியில எழுதினேன். பிப்ரவரியில இருநூறுன்னு வந்துச்சு. இருநூறு மார்க்குன்னு நெனச்சு சந்தோஷமா ஒரு கேக் வாங்கிட்டு வந்து, கூட வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் வெட்டிக் குடுத்தேன்." அவள் மடியிலிருந்த உறையைத் திருப்பி வைத்தாள். "அப்புறம் ஒருத்தி அந்தக் காகிதத்தோட பின்பக்கத்தைப் படிச்சுச் சொன்னா. அளவுகோலே இருநூறுலதான் ஆரம்பிக்குதாம், எண்ணூறு வரைக்கும் போகுதாம். அதுக்குக் கீழ எண்ணே கெடையாதாம்."

ஏதோ தவறு என்று எண்ணி, கையால் எண்ணிப் பார்க்கும்படி மதிப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதினாள். அவர்கள் எண்ணினார்கள். முடிவு மாறவில்லை. விடைத்தாளின் நகலையும் அனுப்பி வைத்தார்கள்.

"கணிதத் துறையில சேர்க்கைக் குழுவைப் பாக்குற ப்ரொபசர் ஹேவர்காம்ப் என்னைக் கூப்பிட்டு, 'இவ்வளவு நல்ல கட்டுரையும் இவ்வளவு மோசமான மதிப்பெண்ணும் ஒரே ஆளோடதா இருக்க முடியாது. கட்டுரையை யார் எழுதிக் குடுத்தாங்க?'ன்னு கேட்டாரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள நான் விளக்கம் சொல்லணும். இல்லேன்னா எடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். அதுகூடப் பரவால்ல. என் பட்டத்தையே விசாரிக்கச் சொல்லி மாலைக் கல்லூரிக்குக் கடிதம் போகும். எட்டு வருஷம்மா." அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், சலவைச் சோடாவில் ஊறி ஊறித் தோல் வெளுத்திருந்தது. "ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்து ஒவ்வொரு கேள்வியா மனசுக்குள்ள போட்டுப் பாக்குறேன். எல்லாம் சரியாத்தான் வருது. அப்படின்னா எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? இல்ல, மொதல்லேருந்தே எனக்கு ஒண்ணும் தெரியாதா?"

வெர்னா விடைத்தாள் நகலை வாங்கித் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். எந்தக் காகிதத்தையும் முதலில் அப்படித்தான் பார்ப்பார்.

"இங்க வர்றதுக்கு முன்னால இந்த மாதிரி மதிப்பீட்டு அலுவலகம் ஒண்ணுல பதினோரு வருஷம் இருந்தேன்" என்றார். "ஏதாவது கேள்வியை விட்டீங்களா?"

"அஞ்சு கேள்வி. தெரியலன்னா விட்டுடுவேன், ஊகிக்க மாட்டேன். தப்புக்குத்தான் கழிக்கிறாங்களே."

"எவ்வளவு கழிப்பாங்கன்னு தெரியுமா?"

"கால்."

"ராஸ்கோ, கவனமா கேட்டுக்கோப்பா. நூத்தியிருபது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு விடை, அதுல ஒண்ணு சரி. சரின்னா ஒரு மார்க்கு, தப்புன்னா கால் மார்க்கு போகும், விட்டா ஒண்ணுமில்ல. இவங்க தாள்ல சரி இருபத்து மூணு, தப்பு தொண்ணூத்தி ரெண்டு. தொண்ணூத்தி ரெண்டுல கால்?"

ராஸ்கோ விரல்களை மடக்கினார். "இருபத்து மூணு. அட, இருபத்து மூணுல இருபத்து மூணு போனா..."

"பூஜ்யம். கண்ணை மூடிக்கிட்டு ஒரு கோழி கொத்தினாலும் இதேதான் வரும். அஞ்சுல ஒண்ணு சரியா விழும், மத்த நாலும் சேர்ந்து அதைத் தின்னுடும். அதுக்காகத்தான் கால் மார்க்குன்னு வெச்சிருக்காங்க."

எடெல்காவுக்குக் கண் இருட்டியது. கோழி. எட்டு வருடப் படிப்பும் ஒரு கோழிக்குச் சமம்.

"தேர்வு அறையில யாரோடயாவது தகராறு உண்டா?" என்று ராஸ்கோ ஆவலாகக் குறிப்பேட்டை எடுத்தார்.

தகராறு ஒன்றுமில்லை. ஊர் உயர்நிலைப் பள்ளியில்தான் தேர்வு நடந்தது. மேற்பார்வையாளர் ஆர்வில் டான்ஸ்லி, அந்தப் பள்ளியின் வடிவியல் ஆசிரியர். எடெல்காவுக்குப் பக்கத்து மேசையில் கிரெய்க் டன்லீவி உட்கார்ந்திருந்தான். அவள் இடம் பறிபோனால் அது போய்ச் சேருவது அவனுக்குத்தான். எல்லோரும் வெளியே வந்த பிறகு, தாள்கள் அடுக்கியிருந்த மேசைக்கு அவன் மட்டும் திரும்பிப் போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

"மாட்டினான்!" என்றார் ராஸ்கோ.

"இன்னும் யாரும் மாட்டல, ராஸ்கோ. எடெல்கா, உங்க போன் நம்பரை இந்தச் சீட்டுல எழுதிட்டுப் போங்க."

மறுநாள் வியாழக்கிழமை காலை, குடுவை கழுவும் அறைக்குள் ராஸ்கோ மூச்சிரைக்க வந்து நின்றார். "யம்மா, நேத்திலேருந்து உங்களுக்கு நாலு தடவை போன் போட்டுட்டேன். நாலு தடவையும் சவப்பெட்டிக் கடைக்காரன்தான் எடுக்குறான். கடைசியில அவன், 'யாருக்கு, உங்களுக்கேதானா? உயரம் எவ்வளவு?'ன்னு கேக்குறான்!"

"லைன் சரியில்லபோல" என்றாள் எடெல்கா. தொலைபேசிக் கம்பிகூடத் தனக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

இருவரும் அடித்தளத்துக்குப் போனார்கள். வெர்னாவின் மேசையில் விடைத்தாள் நகல் விரிந்து கிடந்தது. எண்ணிப் பார்த்தவர்கள் சரியான விடைகளுக்குப் பக்கத்தில் சின்னதாக 'சரி' போட்டிருந்தார்கள்.

"இந்தத் தேர்வுல கேள்விங்க எப்படி அடுக்கியிருக்கும், எடெல்கா?"

"மொதல்ல சுலபம். போகப் போகக் கஷ்டம்."

"மொத இருபதுல நீங்க எத்தனை சரி?"

எடெல்கா எண்ணினாள். "நாலு."

"எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் போடற கணக்குங்க அது. கடைசி இருபதுல?"

மீண்டும் எண்ணினாள். "நாலு."

"ஒண்ணும் தெரியாதவங்களுக்கும் சுலபமானது கொஞ்சம் தெரியும். அவங்க தாள்ல மேல நெறைய சரி இருக்கும், கீழ போகப் போகக் கொறையும். உங்க தாள்ல மேலேருந்து கீழ வரைக்கும் மழைத்துளி விழுந்த மாதிரி ஒரே சீரா விழுந்திருக்கு. இது தெரியாதவங்க தாள் இல்ல."

"பின்ன யாரு தாள்?" என்றார் ராஸ்கோ.

"தெரிஞ்சவங்க தாள்தான். ஆனா வேற புத்தகத்தோட விடைப்பட்டியலை வெச்சுத் திருத்தியிருக்காங்க."

எடெல்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு முழுதாக உள்ளே போனது. ஆனால் வெர்னா சிரிக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க. இப்ப நான் சொன்னது ஊகம். ப்ரொபசருக்கு ஊகம் போதாது. அன்னைக்கு அறையில எத்தனை விதமான வினாப்புத்தகம் குடுத்தாங்க?"

"மூணு. ஒண்ணு, நாலு, ஏழுன்னு நம்பர் போட்டிருந்துச்சு. கேள்வியும் வரிசையும் ஒவ்வொண்ணுலயும் வேற. விடைத்தாள்ல ஒரு கட்டத்துல புத்தக எண்ணை எழுதி, அதுக்குக் கீழ அதே எண்ணுள்ள வட்டத்தைப் பென்சிலால கறுப்பாக்கணும். நான் ரெண்டையும் செஞ்சேன். என் புத்தகம் ஒண்ணு."

ராஸ்கோ நகலின் மேல் குனிந்தார். "இங்க ஏழாவது வட்டம்ல கறுப்பா இருக்கு!"

அப்படித்தான் இருந்தது. எடெல்கா அந்த வட்டத்தையே உற்றுப் பார்த்தாள். அவள் கையால் அவளே தவறாகக் குறித்திருக்கிறாள் என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? தவறாகக் குறித்தால் தேர்வாளரே பொறுப்பு என்று விடைத்தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"ஒண்ணாவது வட்டத்தைப் பாருங்க" என்றார் வெர்னா. அதில் சாம்பல் நிறமாக ஒரு மங்கல் இருந்தது.

"நகல் எடுக்குற கண்ணாடியில தூசி" என்றார் ராஸ்கோ.

"அந்தத் தூசி மொத்தத் தாள்லயும் அந்த ஒரு வட்டத்துல மட்டும் போய் உக்காந்திருக்கு" என்ற வெர்னா, மேலே பிறந்த தேதியில் எடெல்கா எழுதியிருந்த ஏழுகளின் இடுப்பில் குறுக்கே ஓடிய கோட்டை விரலால் தடவினார்.

பத்து மணிக்கெல்லாம் மூவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வெர்னா முதலில் காலணியின் சேற்றைக் கால்மிதியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். ஆர்வில் டான்ஸ்லி அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் அளவுகோலும், ஊசிபோலச் சீவிய பென்சில்கள் நான்கும் இருந்தன. அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. உட்கார்ந்த இடங்களின் வரைபடத்தை அவரே எடுத்து விரித்தார்.

"இடமிருந்து வலமா ஒண்ணு, நாலு, ஏழு. மறுபடி ஒண்ணு, நாலு, ஏழு. பக்கத்துப் பக்கத்துல ஒரே புத்தகம் வரவே வராது. பதினாலு வருஷமா இப்படித்தாங்க, ஒரு நாளும் மாத்தினதில்ல."

"மிஸஸ் பொடோர் எங்க உக்காந்தாங்க?"

"ரெண்டாவது வரிசை, நாலாவது மேசை. டன்லீவி மூணாவது மேசை."

"பதினாலு வருஷத்துல உங்க அறையிலேருந்து போன தாள் எத்தனை திரும்பி வந்திருக்கு? புத்தக எண்ணும் வட்டமும் ஒத்து வரலன்னு?"

டான்ஸ்லியின் முகம் விளக்கேற்றியதுபோல் மலர்ந்தது. "ஒண்ணு கூட இல்ல! இந்த மாநிலத்துலயே என் அறை மட்டும்தான் அப்படி. போன வருஷம் பாராட்டுக் கடிதமே போட்டாங்க. தாளை யாரும் தொட விடமாட்டேன், மேடம். கட்டி முத்திரை வைக்கிற வரைக்கும் என் கண்ணு முன்னாலதான் இருக்கும்."

"அதிசயம்தான்" என்றார் வெர்னா. "எங்க அலுவலகத்துக்கு எந்த அறையிலேருந்து வந்தாலும் நூத்துக்கு மூணு நாலு ஒத்து வராம வரும். பிள்ளைங்க பதட்டத்துல எழுதுறதுதானே."

வெளியே வந்ததும் ராஸ்கோ பொறுக்க முடியாமல் கேட்டார்: "டன்லீவியை இப்பவே புடிச்சு உள்ள வைக்கட்டுமா?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாரையும் கணிதத் துறைக்கு வரச் சொல்லு. டான்ஸ்லியையும்."

கண்ணுகளா, இதோடு தடயம் முழுவதும் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அந்த இரவு எடெல்கா தூங்கினாளா என்று கேட்காதீர்கள். நீங்களே சொல்லுங்கள், தூக்கம் வருமா?

வெள்ளிக்கிழமை பத்து மணி. கணிதத் துறையின் நூலக அறை. ப்ரொபசர் ஹேவர்காம்ப் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்ட மனிதர் அல்ல. காகிதம் சொல்வதை நம்பிப் பழகியவர். அந்தப் பக்கம் கிரெய்க் டன்லீவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். டான்ஸ்லி தொப்பியை மடியில் வைத்து நேராக அமர்ந்திருந்தார். கதவை அடைத்தாற்போல் ராஸ்கோ.

"என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றான் கிரெய்க். "இந்தம்மா பூஜ்யம் வாங்கினா நான் என்ன பண்ணுவேன்?"

"தேர்வு முடிஞ்சதும் தாள் இருந்த மேசைகிட்ட எதுக்குப்பா திரும்பிப் போனே?" என்றார் வெர்னா.

"கையுறையை மறந்துட்டேன். வெளிய மைனஸ் பதினஞ்சு. விரல் விழுந்துட்டா இந்தக் காவல்காரர் ஒட்ட வைப்பாரா?"

"பேச்சைப் பாரு!" என்றார் ராஸ்கோ.

"உன் புத்தகம் என்ன நம்பர்?"

"ஏழு. ஹாக்கியில என் சட்டை நம்பரும் அதான், அதனால ஞாபகம் இருக்கு."

"நன்றி. இவன் தாளை மாத்தல, ராஸ்கோ. முத்திரை வைக்கிற வரைக்கும் தாளெல்லாம் மிஸ்டர் டான்ஸ்லி கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. ஆனா ரொம்பப் பெரிய உதவி பண்ணிட்டான்." வெர்னா ஹேவர்காம்பின் பக்கம் திரும்பினார். "ப்ரொபசர், மூணாவது மேசையில ஏழு. பக்கத்துப் பக்கத்துல ஒரே புத்தகம் வராதுன்னு மிஸ்டர் டான்ஸ்லி சொல்றாரு. அப்படின்னா நாலாவது மேசையில ஏழு இருக்க முடியுமா?"

"முடியாது. வரிசைப்படி ஒண்ணு" என்றார் ஹேவர்காம்ப் மெதுவாக. "ஆனா தாள்ல ஏழாவது வட்டம் கறுப்பா இருக்கே. அதுக்கு மேல கட்டத்துல, இந்தம்மா கையெழுத்துலயே ஏழுன்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கா?" வெர்னா தன் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். "ராஸ்கோ, நீ போன் பண்ணின நம்பரோட கடைசி எண் என்ன? படி."

"ஏழு."

"எடெல்கா, உங்க போன் நம்பர் எதுல முடியுது?"

"ஒண்ணுல" என்றாள் எடெல்கா.

ராஸ்கோ சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு தூரத்தில் பிடித்தார். "இது ஏழும்மா!"

"இல்ல, ஒண்ணு. எங்க ஊர்ல இப்படித்தான்..." அவள் பாதியில் நின்றாள். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க ஊர்ல ஒண்ணைக் கீழேருந்து மேல நீளமா ஒரு கோடு இழுத்து, அப்புறம் நேரா எறக்குவாங்க" என்றார் வெர்னா. "நம்ம கண்ணுக்கு அது ஏழு. அப்ப ஏழை எப்படி எழுதுவாங்க? அதே தாள்ல பொறந்த தேதி இருக்கு, பாருங்க. ஏழாம் மாசம், பதினேழாம் தேதி, முப்பத்தேழு. மூணு ஏழு. மூணுக்கும் நடு இடுப்புல குறுக்க ஒரு கோடு. புத்தக எண்ணுல அந்தக் கோடு இல்ல. தேதியில இருக்குற ஒண்ணும் அச்சு அசலா இதே மாதிரி. தேதியில அந்த ஒண்ணுக்குக் கீழ கறுப்பாக்கியிருக்குற வட்டமும் ஒண்ணுதான். இந்தம்மா எழுதினது ஒண்ணு, கறுப்பாக்கினதும் ஒண்ணு. அப்புறம் யாரோ ஒண்ணாவது வட்டத்தை ரப்பரால அழிச்சுட்டு ஏழைக் கறுப்பாக்கியிருக்காங்க. கையால எண்ணினவங்களுக்கும் கட்டத்துல ஏழு, வட்டத்துல ஏழு. சந்தேகமே வராது."

"யாரு?" என்றார் ராஸ்கோ. இருபது வருட ஏக்கம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

"கெடுக்கணும்னு நெனச்ச யாரும் இல்ல. எழுதின எண்ணும் வட்டமும் ஒத்து வராத தாளைப் பாத்தா மனசு பொறுக்காத ஒருத்தர். நூத்துக்கு மூணு நாலு தப்பு வர்ற எடத்துல, பதினாலு வருஷமா ஒண்ணுகூட வராம பாத்துக்கிட்டவர்."

எல்லோர் பார்வையும் திரும்பியது. டான்ஸ்லியின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"கட்டறதுக்கு முன்னால ஒருதரம் பாப்பேன்" என்றார் அவர். "ஏழுன்னு எழுதிட்டு ஒண்ணைக் கறுப்பாக்கியிருந்தாங்க. பாவம், பதட்டத்துல மாத்திப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். தாள் திரும்பி வந்தா அவங்களுக்குத்தானே நாள் வீணாகும்னு... உதவின்னு நெனச்சுத்தான் செஞ்சேன்." சட்டைப் பையிலிருந்த பென்சில்களைத் தொட்டுப் பார்த்தார். "உதவி மட்டும்னு சொன்னா அதுவும் பொய். திரும்பி வராத அறைன்னு ஒரு பேரு இருந்துச்சு."

ஹேவர்காம்ப் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. "எனக்குப் புரியுது. ஆனா என் கையில இருக்குற காகிதத்துல இன்னும் இருநூறுதான் இருக்கு. குழுவுக்கு நான் என்ன காட்டுறது?"

"மதிப்பீட்டு அலுவலகத்துல என் பழைய தோழி ஃப்ளோரின் போன் பக்கத்துலயே இருக்கா" என்றார் வெர்னா. "ஒண்ணாம் புத்தகத்தோட பட்டியலை வெச்சு அஞ்சு நிமிஷத்துல எண்ணிடுவா. ஆனா தாள்ல கை வெச்சவர் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தாத்தான் தொடுவா. விதி அப்படி."

டான்ஸ்லி தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "எழுதிக் குடுத்தா இனிமே என்னை அந்த அறைக்குள்ள விடமாட்டாங்க."

"விடமாட்டாங்க" என்றார் வெர்னா. மென்மையாகத்தான் சொன்னார். ஆனால் எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

"பள்ளிக்கூடத்துலயும் கேப்பாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் பாக்கி."

கடிகாரம் ஓடியது. கெஞ்ச வேண்டும் என்று எடெல்காவுக்குத் தோன்றியது. அழ வேண்டும், காலில் விழ வேண்டும். எதற்கும் உடம்பில் வலு இல்லை. எழுந்துபோய் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் டான்ஸ்லி, உங்க மேல எனக்குக் கோபம் வரல. வந்தா நல்லாருக்கும்னு பாக்குறேன், வரமாட்டேங்குது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஆறு வாரமா நான் ஏழாவது பெருக்கல் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன். பாதி ராத்திரியில எழுந்து உக்காந்து, ரெண்டும் ரெண்டும் நாலுதானான்னு சுவத்துல கோடு போட்டுப் பாத்தேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் ஐயா. நாட்டை விட்டு வந்தப்போ கையில எடுத்துட்டு வந்தது அதை மட்டும்தான். அதுவும் போயிடுச்சுன்னு நெனச்சேன்."

டான்ஸ்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ரெண்டும் ரெண்டும் நாலுதானா என்ற பயம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா? சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அதைப் பார்த்தார். மேசைமேல் வைத்துவிட்டு, "பேனா இருந்தா குடுங்க" என்றார்.

கிரெய்க்தான் தன் பேனாவை நீட்டினான்.

ஒரு பக்கம் எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல், நடந்தது நடந்தபடி. அடியில் கையெழுத்திட்டார். பதினோரு மணிக்கு வெர்னா அதைத் தொலைபேசியில் வாசித்தார். டான்ஸ்லி தன் வாயாலும் ஒப்புக்கொண்டார். அசல் அன்றைய தபாலில் போகும் என்று ஹேவர்காம்ப் உறுதி சொன்னார். அந்தப் பக்கம் ஃப்ளோரின் கோப்பு எடுக்கப் போனாள்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். எடெல்கா புத்தக அலமாரியைப் பார்த்தபடி நின்றாள். ஒருவேளை ஒன்றாம் புத்தகத்துக்கும் பூஜ்யமே வந்துவிட்டால்? இவ்வளவு பேரும் தன்னை நம்பிய பிறகு அப்படி வந்தால்? அந்த இருபது நிமிடம் அந்த ஆறு வாரத்தையும்விட நீளமாக இருந்தது.

பதினொன்று முப்பத்தைந்துக்குத் தொலைபேசி கரகரத்தது. வெர்னா கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கருவியை ஹேவர்காம்பிடம் நீட்டினார். "நீங்களே கேட்டுக்கோங்க."

ஹேவர்காம்ப் எழுதிக்கொண்டே சொன்னார்: "சரி... நூத்தி ஆறு. தப்பு... ஒம்பது. விட்டது அஞ்சு." பென்சில் நின்றது. "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா." மீண்டும் கேட்டார். பிறகு கருவியை வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"மிஸஸ் பொடோர், பதினெட்டு வருஷமா இந்தக் குழுவுல இருக்கேன். இவ்வளவு பெரிய மார்க்கை நான் இதுவரைக்கும் ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன். கட்டுரையை யார் எழுதினாங்கன்னு உங்களைக் கேட்டேன். அந்தக் கேள்விக்கு நான் வெட்கப்படுறேன். எடம் உங்களோடது. கடிதம் எங்கயும் போகாது."

எடெல்கா அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ராஸ்கோ சன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். கிரெய்க் எழுந்து தன் மேலங்கியை மாட்டினான். வாசலில் நின்று, "ஒம்பதுதான் தப்பா? சரி, நான் வேற ஊருக்கே விண்ணப்பம் போட்டுக்குறேன்" என்றான். குரலில் கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் மரியாதையும் இருந்தன.

எடெல்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, படிக்கட்டின் அடியில் டான்ஸ்லி தனியாக நின்றிருந்தார். பேருந்து வர இன்னும் நேரம் இருந்தது. இருவரும் சேற்றில் கால் பதிய நடந்தார்கள். நிறுத்தம் வந்த பிறகு அவர்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"அந்த ஒம்பது தப்புல... வடிவியல் எதுவும் இருந்திருக்குமா?"

"ஒண்ணு இருந்திருக்கும்னு நெனைக்கிறேன். ஒரு வட்டத்துக்குள்ள முக்கோணம், அதோட ஒரு கோணம் மட்டும் குடுத்திருந்தாங்க. எனக்கு அப்பவே சந்தேகம்."

"விட்டத்து மேல நிக்குற முக்கோணமா?"

"அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். ஆனா படத்துல அப்படிப் போட்டிருக்கல."

"அதான் தப்பு. படத்துல இல்லாததை எடுத்துக்கவே கூடாது" என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் நின்றுவிட்டார். எடெல்கா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. பேருந்து வந்து, கதவு திறந்து, ஓட்டுநர் இரண்டு முறை ஒலி எழுப்பும் வரை இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதியது எழுதியபடி படிக்கப்படட்டும். உங்கள் வாசலுக்கு வரும் தபால் நல்ல சேதியோடு வரட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், உங்கள் கூடத்தில் சிரிப்புக் குறையாமல், வீட்டில் ஒருவர்கூட 'எனக்கு ஒன்றும் தெரியாதோ' என்று இருட்டில் விழித்துக் கிடக்காமல், எல்லோரும் நன்றாக இருங்கள்.